பச்சை லேபிளும் பயிரிடுவோர் பங்கும்

"இயற்கை" என்னும் சொல்லுக்கு இன்று கடைவீதியில் உள்ள மதிப்பு வேறு எந்தச் சொல்லுக்கும் இல்லை. சோப்பும் எண்ணெயும், பானமும் புடைவையும் அச்சொல்லைச் சுமந்துகொண்டே விற்பனைக்கு வருகின்றன. நம் சங்கங்களின் வாசலுக்கும் அது வந்துவிட்டது. சீனித்துளசி பயிரிட்டால் இலை முழுவதையும் கம்பெனியே வாங்கிக்கொள்ளும் என்ற பேச்சு விளைவிப்போர் நடுவே அவ்வப்போது எழுகிறது. நெசவாளர் சங்கங்களிலோ, "இயற்கைச் சாயம்" என்று லேபிள் அச்சிட்டு ஒட்டினால் புடைவைக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்ற யோசனை சொல்லப்படுகிறது. ஒன்று வயலைப் பற்றியது. மற்றது தறியைப் பற்றியது. ஆயினும் இரண்டிற்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றே. அச்சொல்லினால் வரும் பணம் யாருக்குச் சேருகிறது? அச்சொல் பொய்த்துப்போனால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது?

இக்கேள்விக்கு விடை காண, உலகப் பிரசித்தி பெற்ற ஒரு கம்பெனி இச்சொல்லை நம்பி வெளியிட்டுப் பிறகு கைவிட்ட ஒரு பானத்தின் வரலாறு நமக்குப் பெரிதும் உதவும் என்று கருதுகிறோம்.

பச்சை டப்பாவின் கதை

2013-ம் ஆண்டில் கோகோ கோலா கம்பெனியார் அர்ஜெண்டினாவிலும், பின்னர் அதே ஆண்டில் சிலி நாட்டிலும் "கோகோ கோலா லைஃப்" என்ற புதிய பானத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 2014-ல் அது பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. 2015-ல் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றது. அக்கம்பெனியின் அடையாளமாக உலகெங்கும் அறியப்பட்ட சிவப்பு நிறத்தை நீக்கிவிட்டு, இப்பானத்திற்குப் பச்சை நிறம் அளித்தார்கள். இலையின் நிறம் அது. இயற்கையின் நிறம் என்று வாங்குவோர் தாமே எண்ணிக்கொள்ளும் நிறமும் அதுவே.

பானத்தில் இருந்த புதுமை யாதெனில், சர்க்கரையில் ஒரு பகுதியைக் குறைத்து, அதற்கு ஈடாக ஸ்டீவியா எனப்படும் சீனித்துளசி இலையின் சத்தைச் சேர்த்ததுதான். சர்க்கரை மிகுதி என்று அஞ்சியவர்கள் ஒரு புறம் இருந்தார்கள்; ரசாயனச் சாலைகளில் செய்யப்படும் அஸ்பார்ட்டேம் போன்ற செயற்கை இனிப்புக்களை வெறுத்தவர்கள் மறு புறம் இருந்தார்கள். இரு சாராரையும் ஒரே டப்பாவால் திருப்திப்படுத்தலாம் என்பது கம்பெனியாரின் கணக்கு.

கணக்கு பலிக்கவில்லை. பிரிட்டனில் விற்கப்பட்ட 330 மில்லி லிட்டர் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாதாரணக் கோலாவில் 35 கிராம் சர்க்கரை. பச்சை டப்பாவில் 22 கிராம். கலோரி 139-லிருந்து 89 ஆகக் குறைந்தது. மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மையே. ஆனால் எஞ்சியிருந்த 22 கிராம் என்பது ஐந்து தேக்கரண்டிக்கும் அதிகம். உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையை நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது இன்னும் நன்மை தரும் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2015-ல் கூறியது. அந்த அளவின் பெரும்பகுதியை ஒரே டப்பா விழுங்கிவிட்டது. சர்க்கரைக்கு அஞ்சியவர் இதை ஏன் வாங்க வேண்டும்? சர்க்கரைக்கு அஞ்சாதவரோ பழைய சுவையை விட்டு, நாக்கில் சற்றே கசப்பு நிற்கும் புதிய சுவைக்கு ஏன் வரவேண்டும்?

அரசாங்கத்தின் தராசும் இயற்கை, செயற்கை என்று பார்க்கவில்லை. சர்க்கரையின் அளவையே பார்த்தது. 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2018 ஏப்ரலில் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த குளிர்பான வரியின்படி, 100 மில்லி லிட்டருக்கு 5 கிராம் முதல் 8 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை சேர்ந்த பானத்துக்கு அப்போது லிட்டருக்கு 18 பென்ஸ் வரி விதிக்கப்பட்டது. பச்சை டப்பா முதலில் வந்தபோது அதில் இருந்ததோ 6.7 கிராம். 2016-ல் சர்க்கரையே இல்லாத மற்றொரு கோலாவைக் கம்பெனியார் புதிய உருவில் முன்னிறுத்தினர். 2017-ல் பச்சை டப்பா பிரிட்டனிலிருந்து விலக்கப்பட்டது. 2020 அக்டோபரில், விடை கொடுத்து அனுப்பப்படும் சரக்குகளின் வரிசையில் கோகோ கோலா லைஃபின் பெயரையும் கம்பெனியார் சேர்த்தனர். ஏழு ஆண்டுகளில் ஆயுள் முடிந்தது.

கம்பெனிக்கு இது பெரிய நஷ்டம் அன்று. பல நூறு சரக்குகளில் ஒன்று போயிற்று, அவ்வளவுதான். ஆனால் அந்த இலையைப் பயிரிட்டவன் கதை வேறு.

இலைக்குரியவர் யார்?

சீனித்துளசியின் தாயகம் தென் அமெரிக்காவில் பராகுவே நாட்டின் வடகிழக்கு மேட்டுநிலம். அங்கு வாழும் குவாரனி மக்கள் தலைமுறை தலைமுறையாக இவ்விலையைத் தங்கள் பானங்களில் இட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் இதற்கு "இனிப்புப் பூண்டு" என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. 1899-ல் மொய்சேஸ் பெர்த்தோனி என்ற தாவர நூலறிஞர் இதை உலகுக்கு விவரித்தார். 1931-ல் பிரெஞ்சு ரசாயன அறிஞர் இருவர் இதன் இனிப்புச் சத்தைப் பிரித்தெடுத்தனர். 1970-களில் ஜப்பானியர் இதை வியாபார முறையில் பயன்படுத்தத் தொடங்கினர். 2008-ல் அமெரிக்க அதிகாரிகளும், 2011-ல் ஐரோப்பிய அதிகாரிகளும் சுத்திகரிக்கப்பட்ட சத்துக்கு வழிவிட்டார்கள். நம் நாட்டில் 2015-ல் அனுமதி கிடைத்தது.

இங்கே ஒரு விஷயத்தை விளைவிப்போர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அனுமதி கிடைத்தது சத்துக்குத்தான், இலைக்கு அன்று. நூற்றுக்கு 95 பங்குக்குக் குறையாத சுத்தம் வேண்டும் என்பது சர்வதேச அளவு. அந்தச் சுத்தத்தை அடைய, உலர்ந்த இலையை வெந்நீரில் ஊறவைத்து, சாற்றை வடித்து, பிசின் குழாய்களில் செலுத்தி, சாராயச் சத்தினால் கழுவிப் படிகமாக்க வேண்டும். இதற்கெல்லாம் பெருமுதல் போட்ட ஆலை தேவை. களத்தில் இலையை உலர்த்தும் குடியானவனுக்கும் டப்பாவைத் திறந்து குடிப்பவனுக்கும் நடுவில் ஆலை நிற்கிறது. விலையை நிர்ணயிப்பது அதுவே. ஐரோப்பாவில் இச்சத்து 2011-ல் ஈ 960 என்ற எண்ணுடன் உணவுச் சேர்ப்புப் பொருளாகவே பதிவு பெற்றது. லேபிளில் பச்சை இலை. சட்டப் புத்தகத்தில் ஓர் எண்!

இலையின் பெரும்பகுதி இன்று விளைவது பராகுவேயில் அன்று, சீனாவில். ஓரினத்தார் காத்துவந்த தாவர அறிவினால் லாபம் வருமாயின் அதில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்ற கொள்கையை வலியுறுத்தும் நகோயா உடன்படிக்கை 2010-ல் ஏற்கப்பட்டு, 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பச்சை டப்பா பிரிட்டனில் அறிமுகமான ஆண்டும் அதுவே. மறு ஆண்டிலேயே, சீனித்துளசி வியாபாரத்தின் பலன் குவாரனி மக்களை எட்டவில்லை என்று ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் டிக்ளரேஷன் முதலிய அமைப்புக்கள் அறிக்கை வெளியிட்டுக் கண்டித்தன.

இலையே தேவையில்லை என்ற நாள்

இதனினும் முக்கியமானது மற்றொன்று. சீனித்துளசி இலையில் இனிப்புச் சத்துக்கள் பல உண்டு. அவற்றுள் கசப்பின்றி நல்ல சுவை தருவது, இலையில் மிகச் சொற்ப அளவே இருக்கிறது. அதை இலையிலிருந்து எடுப்பது செலவு மிகுந்த காரியம். ஆகவே விஞ்ஞானிகள், ஈஸ்ட் என்னும் நொதிக் கிருமியின் இயல்பை மாற்றி, சர்க்கரையை உண்டு அதே சத்தை உண்டாக்குமாறு பழக்கினார்கள். 2019-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாகாணத்தில் பிளேர் என்னும் ஊரில் கார்கில், டி.எஸ்.எம். என்ற இரு கம்பெனிகள் சேர்ந்து இதற்கென்று ஆலையைத் தொடங்கின. அங்கே பீப்பாய்களில் இனிப்பு உண்டாகிறது. இலை இல்லை, வயலும் இல்லை, வயலுக்கு உடையவனும் இல்லை.

விஞ்ஞானத்தின் மீது நமக்குப் பகை கிடையாது. மலிவாகவும் நன்றாகவும் ஒரு பொருள் கிடைக்குமானால் அதை உண்போருக்கு நன்மையே. ஆனால் "இயற்கை" என்ற சொல்லை மட்டும் நம்பிப் பயிரிட்டவன், அச்சொல் தன்னை விட்டுவிட்டுப் பீப்பாய்க்குக் குடிபோவதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரிடும்.

நம் நெசவாளர்களுக்கு இது புதிய கதையன்று. சோழமண்டலக் கரையின் துணிகளுக்குச் செந்நிறம் கொடுத்தது சாயவேர். நீல நிறம் கொடுத்தது அவுரி. 1868-ல் ஜெர்மானிய அறிஞர்கள், செந்நிற வேர்களில் உள்ள அலிசாரின் என்னும் சாயப்பொருளைச் சோதனைச் சாலையில் செய்து காட்டினார்கள். 1897-ல் செயற்கை அவுரி ஜெர்மனியிலிருந்து கடைக்கு வந்தது. அதன் பின் சில பத்தாண்டுகளுக்குள் இந்திய நாட்டின் அவுரி வயல்கள் சுருங்கிச் சிறுத்தன. வேரில் இருந்த பொருளும் சாலையில் செய்த பொருளும் ரசாயன அமைப்பில் ஒன்றே. துணிக்கு வித்தியாசம் தெரியவில்லை, வாங்குபவருக்கும் தெரியவில்லை. சாயவேர் தோண்டியவர்களின் வயிற்றுக்கு மட்டுமே அது தெரிந்தது.

இவ்விரு வரலாறுகளிலிருந்தும் நாம் கொள்ளும் முடிவு இதுதான். பொருளின் குணத்தை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம். யார் நிலத்தில் விளைந்தது, யார் தறியில் நெய்தது, என்ன இட்டுச் சாயமேற்றியது என்ற உண்மை ஒன்றைத்தான் பிறர் செய்ய இயலாது. அது நம்மிடம் மட்டுமே இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து அதுவே.

சொல்லுக்கு அளவு வேண்டும்

அமெரிக்க உணவு அதிகாரிகள் "இயற்கை" என்ற சொல்லுக்குத் திட்டமான இலக்கணம் வகுக்காமலே பல ஆண்டுகள் இருந்தனர். 2015-ல் பொதுமக்களின் அபிப்பிராயத்தைக் கேட்டனர். நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் வகுத்த விளம்பர விதிகள் இன்னும் தெளிவானவை. செடியிலிருந்தோ, பிராணியிலிருந்தோ, கனிமத்திலிருந்தோ, நுண்ணுயிரிலிருந்தோ பெறப்பட்டு, வேறு எதுவும் சேர்க்கப்படாமல், உண்பதற்குத் தகுதியாக்கும் அளவுக்கு மட்டுமே பக்குவம் செய்யப்பட்ட தனிப் பொருளையே "இயற்கை" எனலாம். பல பொருள் கலந்த உணவை அப்படிச் சொல்லலாகாது. கலந்தவை யாவும் அந்த இலக்கணத்துக்கு உட்பட்டிருந்தால், "இயற்கைப் பொருள்களால் செய்தது" என்று மட்டும் சொல்லலாம். நுண்ணுயிரையும் விதி ஏற்றுக்கொள்கிறது என்பதை விளைவிப்போர் மறக்க வேண்டாம்; அச்சொல் குடியானவனுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்ட சொல் அன்று.

மேற்படி விதி உணவுக்கே உரியது, துணிக்கு அன்று. ஆனால் அதன் நியாயம் துணிக்கும் பொருந்தும். ஒரு புடைவையின் உடல் அவுரியில் தோய்ந்தது. கரையும் முந்தியும் ரசாயனச் சாயத்தில் தோய்ந்தன. இதற்கு "இயற்கைச் சாயப் புடைவை" என்று லேபிள் ஒட்டினால், அது பச்சை டப்பாவின் வேலையே. 22 கிராம் சர்க்கரையை இலைப்படம் மறைக்க முயன்றது போல, கரையின் சாயத்தை உடலின் சாயம் மறைக்க முயல்கிறது.

அங்கத்தினர் செய்யத்தக்கது

விளைவிப்போருக்கு முதலில் ஒரு வார்த்தை. சீனித்துளசி கூடாத பயிர் என்பது நம் கருத்தன்று. பூப்பதற்கு முன் இலையை அறுத்து, நிறம் கெடாமல் உலர்த்தினால் நல்ல சத்துள்ள சரக்காகும். ஆண்டில் பல முறை அறுக்கவும் இயலும். ஆனால் கரும்புக்கு இருப்பது போல மத்திய அரசாங்கம் நிர்ணயிக்கும் விலை இதற்கு இல்லை. பக்கத்து ஊர்ச் சந்தையில் கூறு போட்டு விற்கவும் முடியாது. வாங்குபவர் ஒருவரே, அவர் கைவிட்டால் இலை சருகுதான். ஆகவே தனித்தனியாக எவரும் கையெழுத்திடலாகாது. சங்கத்தின் பெயரால் ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். நாற்றின் விலை, குறைந்தபட்சக் கொள்முதல் விலை, எடை போடும் இடம், சத்தைச் சோதிக்கும் முறை, பணம் கொடுக்க வேண்டிய கெடு, கம்பெனி வாங்க மறுத்தால் தரவேண்டிய ஈடு ஆகிய ஆறும் அதில் இருக்க வேண்டும். நாற்றை விற்றுப் பணம் பெற்ற பின் இலையை வாங்குவோம் என்பவரிடம், இலைக்கு முன்பணம் கேளுங்கள். அவர் முகம் மாறுகிறதா என்று பாருங்கள். எழுதிக் கொடுக்க மறுப்பவர் நாளை வாங்கவும் மறுப்பார். ஒப்பந்தம் கிடைத்தாலும், உணவுக்கும் கடன் தவணைக்கும் உரிய பயிரை அழித்துவிட்டு இதை நடவேண்டாம். ஒதுக்கத்தக்க சிறு பகுதியில் தொடங்குங்கள்.

நெசவாளர் சங்கங்களுக்கு நாம் சொல்வது இன்னும் எளிது. "இயற்கை" என்ற ஒற்றைச் சொல்லை லேபிளிலிருந்து எடுத்துவிட்டு, உண்மையை அச்சிடுங்கள். "உடல்: அவுரி. கரை: ரசாயனச் சாயம். நெய்தது: இன்ன சங்கம், இன்ன ஊர்" என்று மூன்று வரி போதும். சாயச்சாலையில் ஒரு பதிவேடு வைத்து, ஒவ்வொரு தோய்ப்புக்கும் நூலின் எடை, சாயப்பொருள் வாங்கிய இடம், படிகாரம், கடுக்காய் முதலியவற்றின் அளவு, தேதி ஆகியவற்றை எழுதுங்கள். லேபிளில் ஓர் எண் இட்டால், அந்த எண்ணைக் கொண்டு பதிவேட்டின் பக்கத்தைக் காட்டக் கூடியதாக இருக்கவேண்டும். கைத்தறி முத்திரை 2006-ல் ஏற்பட்டதும், காஞ்சிபுரப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்த நியாயத்தின் மேல்தான். முத்திரையின் பின்னால் சோதிக்கத்தக்க ஓர் உண்மை நிற்கிறது. ஆகவே அதற்கு மதிப்பு.

சிலர் ஆட்சேபிக்கக்கூடும். "அயல் வியாபாரிகள் எல்லோரும் இயற்கை என்றே அச்சிடுகிறார்கள், நாம் மட்டும் கரையில் ரசாயனச் சாயம் என்று எழுதினால் வாங்க வருபவர் ஓடிவிட மாட்டாரா?" என்பர். இவ்வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. முதல் சில மாதங்களில் சில புடைவைகள் அலமாரியிலேயே தங்கலாம். தங்கிய புடைவை கூலியைத் தாமதப்படுத்தும். அதன் வேதனை நெசவாளர் குடும்பத்துக்கே தெரியும். எனினும் மறு பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். தனி வியாபாரி ஒரு லேபிளில் அகப்பட்டுக்கொண்டால் மறுநாள் வேறு பெயரில் கடை திறப்பான். பெரிய கம்பெனி ஒரு பானம் தோற்றால் அடுத்த பானத்தை எடுக்கும். சங்கத்துக்கு இருப்பது ஒரே பெயர். இருநூறு குடும்பங்கள் பங்குத்தொகை கட்டி உண்டாக்கிய பெயர் அது. அதை ஒரு பருவத்தின் கூடுதல் விலைக்காகப் பணயம் வைக்க நிர்வாகக் குழுவுக்கு உரிமை இல்லை.

இதற்கு இடைவழியும் ஒன்று உண்டு. உடல், கரை, முந்தி யாவும் தாவரச் சாயத்திலேயே தோய்ந்த புடைவைகளைத் தனியாகச் சிறு அளவில் நெய்து, அவற்றுக்கு உரிய கூடுதல் விலையை வெளிப்படையாகக் குறிக்கலாம். மற்றவற்றைச் சாதாரண விலைக்கே விற்கலாம். பாதியும் பாதியுமாகக் கலந்து இரு தரப்பாரையும் திருப்திப்படுத்த முயன்ற பச்சை டப்பா, கடைசியில் இரு தரப்பாரையும் இழந்தது. அந்தத் தவறு நமக்கு வேண்டாம்.

கூடுதல் விலை வருமானால், அதில் சாயமேற்றியவருக்கு எவ்வளவு, நெய்தவருக்கு எவ்வளவு, அவுரி விளைத்தவருக்கு எவ்வளவு என்பதையும் முன்னதாகவே பொதுச்சபையில் தீர்மானித்து உபவிதியில் எழுதிவைக்க வேண்டும். திண்டிவனம் பக்கத்தில் இன்றும் அவுரி பயிராகிறது. நெசவாளர் சங்கம் ஒன்று விளைவிப்போரிடம் நேரே கொள்முதல் செய்யுமாயின், வயலும் தறியும் ஒரே கணக்குப் புத்தகத்தில் சந்திக்கும். இரண்டு தொழிலாருக்கும் பொதுவான இப்பத்திரிகையின் நோக்கமும் அத்தகைய சந்திப்பே அல்லவா?

ஆகவே அடுத்த பொதுச்சபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இரண்டு கேள்விகளை எழுப்புமாறு வேண்டுகிறோம். நம் லேபிளில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரமாகப் பதிவேட்டில் பக்கம் உண்டா? அச்சொல்லினால் வரும் ஒவ்வொரு ரூபாயிலும் உழைத்தவருக்கு உரிய பங்கு எழுதப்பட்டிருக்கிறதா? இரண்டிற்கும் "ஆம்" என்று காரியதரிசி புத்தகத்தைப் பிரித்துக் காட்டினால் அந்த லேபிளை ஒட்டுங்கள். காட்ட இயலாவிடின், காட்டத்தக்க நாள் வரும் வரை லேபிள் கட்டு அலமாரியிலேயே இருக்கட்டும்.